கொடி ஏறும் விதமும் கொழுகொம்பும்

தன் எடையைத் தானே தாங்கும்படி தண்டைத் தடிக்க வைக்காமல், வேறொன்றைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடிப் போகும் தாவரம் கொடி. மரம் அடிமரத்துக்குச் செலவிடும் சத்தைக் கொடி நீளத்துக்குச் செலவிடுகிறது. ஆடியில் போட்ட பீர்க்கன் விதை சில வாரங்களில் பந்தலைத் தொட்டுவிடுவதற்கும், கவனிக்காமல் விட்ட மணி பிளாண்ட் தோட்டத்து மாமரத்தின் கவட்டை வரை போய்விடுவதற்கும் காரணம் ஒன்றுதான். நிழலும் பூவும் காயும் தருவது இந்த வேகம். ஓட்டைப் பெயர்ப்பதும் மின்கம்பத்தில் ஏறுவதும் இதே வேகம்.

கொடி வளர்ப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி கொடியால் வருவதில்லை, பொருந்தாத கொழுகொம்பால் வருகிறது. ஆகவே ஒரு கொடியை நடுவதற்கு முன் அது எதைக் கொண்டு பற்றுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. உரம், தண்ணீர், பூச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

பற்றும் முறைகள்

அவரை, சங்குப்பூ, கொடிப்பசலை, வள்ளிக்கிழங்கு போன்றவை தண்டையே கொம்பைச் சுற்றி முறுக்கி ஏறுகின்றன. இளந்தண்டின் நுனி ஓரிடத்தில் நில்லாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். சார்லஸ் டார்வின் 1865இல் வெளியிட்ட ஏறுகொடிகள் பற்றிய ஆய்வில் ஹாப்ஸ் கொடியின் நுனியை இரவும் பகலும் கவனித்து, வெப்பமான பகல்வேளையில் சராசரியாக 2 மணி 8 நிமிடத்தில் அது ஒரு சுற்றை முடிப்பதாகக் குறித்திருக்கிறார். நுனி அப்படித் துழாவும் வட்டத்துக்குள் கம்பு இருந்தால் கொடி தானே பிடித்துக்கொள்ளும். எட்டாத தூரத்தில் இருந்தால் மடங்கித் தரையில் விழும். விதைக்குழிக்குச் சாண் தூரத்துக்குள் கம்பு நடவேண்டும் என்பது இதனால்தான். சுற்றுக்கொடிகளில் பெரும்பாலானவை மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. கையால் ஏற்றிவிடும்போது இயல்புக்கு மாறான திசையில் சுற்றிவிட்டால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும். பக்கத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கொடியைப் பார்த்து அதே திசையில் விடுவது போதும். இவற்றுக்குச் செங்குத்தான, கைப்பிடிக்குள் அடங்கும் கம்போ கயிறோ வேண்டும். சொரசொரப்பான சணல் கயிறு, மூங்கில், சவுக்குக் கம்பு பொருந்தும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் கனம் ஏறிய கொடி சரிந்து கீழே வரும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கோவை, பிரண்டை, திராட்சை ஆகியவை பற்றுக்கம்பியால் ஏறுபவை. பற்றுக்கம்பி ஒன்றைத் தொட்டதும் அதைச் சுற்றிக்கொள்கிறது. பிறகு நடுப்பகுதி சுருள்வில் போலச் சுருண்டு, தண்டைக் கொம்பின் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காற்றில் கொடி ஆடினாலும் அறுந்துபோகாமல் காப்பது அந்தச் சுருள். ஆனால் இந்த மெல்லிய விரலால் பருத்த தூணைச் சுற்றமுடியாது. பந்தல்காலில் பாகல் ஏறமாட்டேன் என்கிறது என்று குறைபடுவோர் பலர். காலின் மேல் நாலு வரிசை கயிறு இறக்கிவிட்டால் அன்றைக்கே ஏறத் தொடங்கிவிடும். விரல் தடிமனுக்கு மேற்படாத கயிறு, கம்பி, வலை, உலர்ந்த மிளாறு ஆகியவையே இவற்றுக்கு ஏற்றவை. செங்காந்தள் இலையின் நுனியையே பற்றுக்கம்பியாக மாற்றிக்கொள்கிறது. அதற்கும் மெல்லிய மிளாறே போதும்.

மிளகு, வெற்றிலை, மணி பிளாண்ட் மூன்றும் கணுவிலிருந்து விடும் ஒட்டுவேரால் ஏறுகின்றன. இவற்றுக்குக் கயிறும் வலையும் பயன்படா. ஈரம் பிடித்து வைக்கும் சொரசொரப்பான பரப்பு வேண்டும். வெற்றிலைக்கு அகத்தியும் மிளகுக்குக் கல்யாண முருங்கையும் காலங்காலமாக இருந்துவருவது அதற்காகவும், அவை தரும் விட்டுவிட்டு விழும் நிழலுக்காகவும்தான்.

காகிதப்பூ, மனோரஞ்சிதம், ரங்கூன் மல்லி, தூதுவளை ஆகியவை சாய்ந்து ஏறுபவை. முள்ளாலோ கொக்கியாலோ பக்கத்துச் செடியில் மாட்டிக்கொண்டு மேலே போகும். மனோரஞ்சிதத்தில் பூக்காம்பே கொக்கியாக வளைகிறது. ரங்கூன் மல்லியில் இலை உதிர்ந்தபின் காம்பின் அடிப்பகுதி முள்ளாக நின்று பிடித்துக்கொள்கிறது. தோட்டத்தில் இவற்றை ஆங்காங்கே கட்டிவிட்டால்தான் உருவத்துக்கு வரும். கட்டும்போது எட்டு வடிவ முடிச்சாக, கயிறு கம்பையும் தண்டையும் தனித்தனியே சுற்றும்படி கட்டவேண்டும். கட்டுக்கம்பியை நேரே தண்டில் முறுக்கினால், தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கி, மேலே உள்ள கிளை முழுவதும் ஒருநாள் வாடிப்போகும்.

பந்தல்

வீட்டுப் பந்தலுக்கு ஆறு முதல் ஏழு அடி உயரம் சரியானது. அதற்குக் கீழே போனால் தொங்கும் புடலை தலையில் இடிக்கும். மேலே போனால் கிள்ளவும் பறிக்கவும் ஏணி தேடவேண்டியிருக்கும். கல்தூண் கிடைக்கும் ஊர்களில் அதைவிடச் சிறந்தது இல்லை. சவுக்குக் கம்பு நட்டால் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசிவிடுவது நல்லது. கம்பு முதலில் மக்குவது நடுவில் அல்ல, தரைமட்டத்தில்.

மொட்டைமாடியில் தளத்தைத் துளையிட்டுக் கம்பு நாட்டக்கூடாது. தட்டோட்டில் விழும் ஒரு துளை அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியும். பழைய வாளியில் ஜல்லியும் சிமென்டும் கலந்து நிரப்பி, அதில் இரும்புக் குழாயை நிறுத்தினால் நாலு மூலைக்கும் கால் கிடைத்துவிடும். குழாய்களை மேலே குறுக்கும் நெடுக்குமாக இணைத்துக் கம்பி இழுக்கலாம். நைலான் வலை போடுவதானால் கண் அகலம் அரையடியாவது இருக்கட்டும். நெருக்கமான வலையில் காய் சிக்கி நெளிந்துபோகும். அதைவிட மோசம், அணிலும் ஓணானும் பாம்பும் மாட்டிக்கொண்டு சாவது.

பந்தலின் பலத்தைக் கணக்கிடும்போது காயின் எடையை மட்டும் எண்ணினால் போதாது. இலை மூடிய பந்தல் மழையில் நனைந்ததும் பலமடங்கு கனக்கும், காற்றையும் மறித்து நிற்கும். தமிழகக் கடற்கரையில் பெரும்புயல்கள் வருவது வடகிழக்குப் பருவத்தில்: கஜா 2018 நவம்பர் 16 அன்றும், வர்தா 2016 டிசம்பர் 12 அன்றும் கரை கடந்தன. ஐப்பசி பிறப்பதற்குள் பந்தலின் முடிச்சுகளைச் சரிபார்த்து, காய்ந்த கொடிகளை இறக்கி, மாடியில் இருப்பதைக் கைப்பிடிச்சுவரோடு இறுக்கிக் கட்டிவிடவேண்டும்.

காய்கறிக் கொடிகள்

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் கொடிக்காய்களுக்கு உரிய பட்டங்கள். நாட்டுப் பந்தல் அவரைக்கு ஆடிதான். பகல் சுருங்கும் காலத்தில் பூப்பது அதன் இயல்பு. தையில் போட்டால் மாதக்கணக்கில் இலையாகவே வளர்ந்து நிற்கும், பூ வராது. இது உரக்குறைவு அல்ல என்பதை அறிந்துவைத்திருந்தால் வீணாக எரு கொட்டவேண்டியதில்லை.

குழி ஒன்றரை அடி ஆழமும் அகலமும் இருக்கட்டும். மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றி, முளைத்த பதினைந்து நாளில் நல்ல இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களையவேண்டும். பாகல், பீர்க்கு விதைகளின் தோல் தடிமனானது. இரவு முழுவதும் ஊறவைத்தால் முளைப்பு சீராக வரும். பைகளில் வளர்ப்போர் சிறிய பையில் சுரையை நட்டுவிட்டு, காய்க்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். பந்தல் முழுவதும் படரும் கொடிக்கு வேரும் அதற்கேற்ப வேண்டும். இரண்டடி அகலப் பைக்கு ஒரு கொடி என்பதே நியாயமான கணக்கு.

முதலில் பூப்பவை எல்லாம் ஆண்பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். முதன்மைத் தண்டைவிடப் பக்கக்கிளைகளில் பெண்பூக்கள் கூடுதலாக வரும். குறிப்பாகச் சுரையில் இது தெளிவாகத் தெரியும். அதனால் கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளி, கிளைகள் வந்தபின் அவற்றின் நுனிகளையும் கிள்ளுவார்கள். மாடித்தோட்டக்காரர்கள் இப்போது 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைத்தான். வயல்களில் பெண்பூவைக் கூட்ட, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல் கலந்து, விதைத்த பதினைந்தாம் நாள் முதல் ஒரு வார இடைவெளியில் நான்கு முறை தெளிப்பதுண்டு. வீட்டுக்கொடிக்கு அது தேவையில்லை. விரலால் கிள்ளினாலே போதும்.

பெண்பூ பூத்தும் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். உயர்ந்த மாடிகளில் தேனீ வருவது குறைவு. கையால் சேர்க்கலாம், ஆனால் நேரம் தெரியவேண்டும். பாகலும் பரங்கியும் காலையில் மலர்பவை. சுரை, புடலை, வரிப்பீர்க்கு மூன்றும் மாலைக்கு மேல் மலர்பவை. நுரைப்பீர்க்கோ காலையில் மலரும். சுரைப்பூவைக் காலை பத்து மணிக்குத் தேடிப்போனால் வாடிய பூதான் இருக்கும். அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவவேண்டும். கோவையில் ஆண் ஒரு கொடி, பெண் ஒரு கொடி. விதையில் வந்தது எது என்று பூக்கும்வரை தெரியாது. காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி நடுவதே வழி.

புடலங்காய் சுருண்டு வளராமல் நேராக நீள, பிஞ்சின் நுனியில் நூலால் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்றும் பயனுள்ளது. கல் சிறியதாக இருக்கவேண்டும். காம்பு இற்றுவிடக்கூடாது.

கொடிக்காய்க்குப் பெரும்பகை பழ ஈ. பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும். புழு உள்ளே தின்றதும் காய் ஒருபுறம் வளைந்து, அழுகி, விழும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். விழுந்த காயைக் கொடியடியில் விட்டுவைப்பது அடுத்த தலைமுறையை வளர்ப்பதற்குச் சமம். நாள்தோறும் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்கவோ, கட்டிய பையில் வெயிலில் போடவோ வேண்டும். கொடியடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். பூ உதிர்ந்தவுடன் பிஞ்சுக்குக் காகித உறை மாட்டுவது சில கொடிகள் மட்டும் வைத்திருப்பவர்க்கு மிகச் சிறந்த காப்பு. இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவோர் ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும்: மாம்பழ ஈக்கு உரியது மெத்தில் யூஜினால், கொடிக்காய் ஈக்கு உரியது க்யூ லூர். மாறி வாங்கினால் கொடியைத் தாக்கும் ஈ பொறிக்கு வராது.

அவரையில் அசுவினி அப்பினால் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைக் கொடிக்காய்களில் பின்பற்றக்கூடாது. கந்தகம் அவற்றின் இலையைக் கருக்கிவிடும்.

பூக்கொடிகளும் கவாத்தும்

மல்லிகைக் குடும்பத்தில் பூ வருவது புதுத்தளிரில். கவாத்து செய்யாத கொடி இலையாக ஓங்கிவிட்டு, உச்சியில் நாலு பூவைக் காட்டும். தோட்டங்களில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமும், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் கவாத்துக் காலம். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, இலைகளை உருவி, எரு வைத்து நீர் பாய்ச்சுவார்கள். வாசல் வளைவிலோ மாடிப்படியிலோ ஏற்றிய முல்லையை அப்படி மொட்டையடித்தால் மறுபடி ஏறுவதற்கே ஒரு பருவம் போய்விடும். அதற்கு வேறு முறை உண்டு. காய்ந்தவற்றையும் உள்ளே பின்னிக்கிடப்பவற்றையும் அடியோடு எடுத்து, பூத்து ஓய்ந்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்தால் வெளிச்சம் உள்ளே போகும், கணுதோறும் தளிர் வரும்.

காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைப்பதே உரம். இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டு ஊற்றினால் நிறம் கொட்டும். தினம் நனைத்தால் பச்சையாகவே நிற்கும். திராட்சைக்கோ கவாத்து இல்லாமல் விளைச்சலே இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை முழுக்கப் பந்தலிலும் கவாத்திலும் நிற்கும் பயிர். வீட்டுப் பந்தலில் திராட்சையை நட்டுவிட்டு வெட்ட மனம் வராதவர்களுக்குக் கிடைப்பது நிழல் மட்டுமே.

மிளகில் ஒரு நுட்பம் உண்டு. மேலேறும் தண்டிலிருந்தோ அடியில் ஓடும் தண்டிலிருந்தோ வெட்டி நட்டால் கொடியாக வளரும். பக்கவாட்டில் நீளும் காய்க்கும் கிளையை வேரூன்றச் செய்தால் ஏறவே ஏறாது, தொட்டிக்குள் புதராக நின்று காய்க்கும். மரமில்லாத வீட்டுக்குப் புதர்மிளகு அருமையான தேர்வு. வெற்றிலைக்கு நேர்வெயில் ஆகாது. ஈரமும் அரைநிழலும் உள்ள குளியலறைப் பக்கத்துச் சுவரோரம் பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பொருத்தமாக அமைகிறது.

சுவரும் கூரையும்

ஒட்டுவேர்க் கொடிகளை வீட்டுச் சுவரில் நேரடியாக ஏற்றுவது நல்லதல்ல. நல்ல காரையுள்ள சுவருக்கு உடனே கேடு வராவிட்டாலும், விரிசல் உள்ள சுவரில் வேர் உள்ளே புகும், மழைநீர் காயாமல் ஓதம் ஏறும், வெள்ளையடிக்கும் வேலையே நடக்காது. சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளிச் சட்டம் நிறுத்தி அதில் ஏற்றினால் காற்று இடையே ஓடும். மதில்சுவரை மூடும் ஃபைகஸ் புமிலாவை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுவரோடு ஒட்டிய சிற்றிலைப் பகுதி இளமைப் பருவம். முதிர்ந்தபின் பெரிய இலையுடன் வெளியே நீட்டும் தடித்த கிளைகள் வரும். அவற்றை வந்ததும் வெட்டிவிடவேண்டும். சுவரில் ஏறிய கொடியை நீக்கவேண்டுமானால் பச்சையாகப் பிடித்து இழுக்கக்கூடாது, காரையும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, மேற்பகுதி நன்றாகக் காய்ந்தபின் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம்.

ஏசி வெளிப்பெட்டி, மழைநீர்க் குழாய், சன்னல் ஆகியவற்றைச் சுற்றி இரண்டடி வெறுமையாக இருக்கட்டும். சன்னல்வரை போன கொடி எலிக்கு ஏணி. ஓட்டுவீட்டில் கொடி நுனி ஓட்டிடுக்கில் புகுந்து பருத்தால் ஓடு தூக்கிக்கொள்ளும். மின்கம்பத்திலும் இழுகம்பியிலும் ஏறிய கொடியை மழைக்காலத்தில் தொடவே கூடாது. வெட்டுவதை மின்வாரிய ஊழியரிடம் விடவேண்டும். மாடியிலிருந்து திரையாகத் தொங்கும் கர்ட்டன் கிரீப்பர் மேற்கு வெயிலை நன்றாக மறைக்கும். உள்ளே காய்ந்த தண்டுகள் சேராமல் ஆண்டுக்கொருமுறை கழித்துவிடவேண்டும்.

வீட்டுக்குள்

மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மோரேயா தீவு. தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும், மேலே ஏற்றினால் பெருக்கும். பெரிய இலை வேண்டுவோர் தேங்காய்நார் சுற்றிய கம்பை நட்டு, நாரை ஈரமாக வைத்திருக்கவேண்டும். வெளிச்சம் குறைந்த மூலையில் மஞ்சள் வரிகள் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். பாட்டிலில் வளர்ப்போர் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிப் பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய தெளிநீரில்தான். மணி பிளாண்டின் சாற்றில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் வாயை எரித்து வீங்கச்செய்யும். தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

இதைவிடக் கடுமையானவை இரண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் உயிரைக் குடிக்கும். குன்றிமணி விதையில் உள்ள அப்ரின் அதைவிடக் கொடியது. மணிமாலையாகக் கோக்க ஆசையூட்டும் நிறம் என்பதால், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் குன்றிமணிக் கொடியே வேண்டாம்.

களையாகும் கொடிகள்

அம்மையார் கூந்தலும் கொத்தானும் மஞ்சள் நூல்போல வேலிச்செடியின் மேல் படர்ந்தால் காத்திருக்கக்கூடாது. இவை மண்ணில் வேரின்றிப் பிற செடியின் சாற்றை உறிஞ்சுபவை. நூலை மட்டும் உருவினால் ஒட்டியிருக்கும் துணுக்கு மறுபடி வளரும். பிடித்த கிளையோடு சேர்த்து வெட்டி எரிக்கவேண்டும். பூனைக்காலிக் காயின் சுணை தோலில் பட்டால் கடும் அரிப்பு எடுக்கும். காய் முற்றுமுன், உடலை மூடிய உடையோடு அகற்றவேண்டும். தரையை மூடுவதற்காக நர்சரிகள் தரும் மஞ்சள்பூ வெடேலியாவும், மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவிய மைக்கேனியாவும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் உள்ளவை. தரையை மூட வல்லாரை இருக்கும்போது வெடேலியாவை வாங்கவேண்டிய தேவை இல்லை.

சர்க்கரைவள்ளி, வல்லாரை, வெடேலியா, மணி பிளாண்ட், சீந்தில், பிரண்டை எல்லாம் கணுவிலிருந்து வேர்விடுபவை. சர்க்கரைவள்ளியில் கொடியை அவ்வப்போது தூக்கித் திருப்பிவிட்டால் கணுக்கள் வேரூன்றாமல் சத்து கிழங்குக்குப் போகும். வெட்டிய கொடிகளைப் பச்சையாக எருக்குழியில் போட்டால் அங்கேயே தழைக்கும். வாய்க்காலில் எறிந்தால் ஊரெங்கும் போகும். சிமென்டுத் தரையில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவு காய்ந்தபின் துண்டாக்கி மூடாக்காகப் போடலாம். சீந்தில் தண்டு மட்டும் பலவாரம் காயாமல் உயிரோடு கிடக்கும், அதை நறுக்கியே காயவைக்கவேண்டும்.